பொடிக்காத முட்டை ஓடு

“சாமி, என் கோழி இடுற முட்டை கையில எடுத்தாலே நொறுங்குது. என்ன தீனி போட?”

முப்பிடாதி இப்படித்தான் வந்து கேட்டா. ஓடைக்கரை மருதமரத்துக்குக் கீழ சாமி உக்காந்திருந்தார்.

சாமின்னதும் நரைச்ச தாடியோட ஒரு ஆள நினைச்சுக்காதீங்க. முப்பிடாதி மகனுக்கு அண்ணன் மாதிரி இருப்பார், அவ்ளோதான் வயசு. ஆனா ஊரே அவர்கிட்டதான் வரும். ஏன்னா அவர் பேசுறது நாலஞ்சு வார்த்தைதான். அத வீட்டுக்குக் கொண்டுபோய் வச்சு வச்சு யோசிப்பாங்க.

முப்பிடாதிக்கு அப்படி யோசிக்கல்லாம் நேரம் இல்ல.

மருமக வேணி மாசமா இருந்தா. உடம்புல ரத்தம் கம்மியா இருக்கு, தினமும் முட்டை குடுங்கன்னு நர்சம்மா சொல்லிட்டுப் போயிருந்தாங்க. மகன் சுடலைமணி லாரியில வடக்க போயிருந்தான். கடையில வாங்கிக்கலாம்னு வேணி சொன்னதுக்கு முப்பிடாதி ஒத்துக்கல. வீட்டுல இத்தன கோழி மேயுது, என் பேரப்புள்ள கடை முட்டையில வளரணுமான்னு கேட்டா. தெருவுலயும் அதையே சொல்லிட்டுத் திரிஞ்சா.

இப்ப கோழி மானத்த வாங்குது. ஓடு தோல் மாதிரி மெலிசு. கூடையிலயே உடைஞ்சு கிடக்கு.

சாமி அப்பதான் யாரோ கொண்டுவந்த அவிச்ச முட்டைய உரிச்சு முடிச்சிருந்தார். உரிச்ச ஓட்ட அள்ளி முப்பிடாதி கையில வச்சார். அவ விரல மடக்கி மூடினார்.

“எடுத்ததத் திருப்பிக் குடு.”

அவ்ளோதான்.

பக்கத்துல நின்ன தையக்கடை கொம்பையா கண்ண மூடிட்டான். இது கோழிக்குச் சொன்னது இல்ல, நம்ம எல்லாருக்கும் சொன்னதுன்னான். முப்பிடாதி, எனக்குக் கோழிக்கு மட்டும் போதும்னுட்டு நடந்தா.

*

சாமி சொன்னது பொய் இல்ல. இத நான் சொல்லியே ஆகணும்.

ஒரு முட்டை ஓடு செய்ய கோழிக்கு அவ்ளோ சுண்ணாம்புச் சத்து வேணும். தீனியில அது இல்லைன்னா கோழி சும்மா இருக்காது. தன் எலும்புல இருந்தே எடுத்து ஓடு கட்டும். கட்டிக் கட்டி ஒரு கட்டத்துல அதுவும் தீர்ந்து, வெறும் தோல் முட்டை வரும்.

அதனால ஓட்டத் திருப்பிக் குடுக்கிறது சரிதான்.

முப்பிடாதி குடுத்தா. உடைச்ச முட்டை ஓடு ஒவ்வொண்ணையும் அப்படியே, பாதி பாதியா, கிண்ணம் மாதிரி இருக்கிறத முத்தத்துல வீசினா. உள்ள ஒட்டியிருந்த வெள்ளைக்கருவோட. கோழிங்க அடிச்சுப் பிடிச்சு ஓடி வந்து தின்னுச்சு.

கொஞ்ச நாள்ல ஓடு கெட்டியாச்சு. நல்லா டங்குனு தட்டுற மாதிரி. வேணிக்குத் தினமும் ஒரு முட்டை. சாமி பேச்சு பொய்க்குமான்னு முப்பிடாதி தெருக்குழாயில நின்னு ஒரு பிரசங்கமே பண்ணினா.

பெறகு முட்டை குறைஞ்சுது.

தீனி பத்தலையோன்னு கூட்டினா. கம்பு போட்டா. குருணை போட்டா. கருவாட்டுத் தூள தவிட்டுல பிசைஞ்சு வச்சா. சாணியும் ஓலையும் அடைச்ச பானையக் கவுத்தி வச்சு, அதுல கரையான் பிடிக்கவிட்டு, காலையில தட்டிப் போட்டா. அதுக்குக் கோழிங்க வர்ற வேகம் இருக்கே, பாத்தா நமக்கே பசிக்கும்.

கோழி கொழுத்துச்சு. முட்டை இன்னும் குறைஞ்சுது. கடைசியில சுத்தமா நின்னே போச்சு.

ஆனா ஒரு விஷயம் அவள அரிச்சுட்டே இருந்துச்சு. முட்டை இட்டதும் கோழி ஊரக் கூட்டுமே, கொக்கொக்கொன்னு, அந்தச் சத்தம் மட்டும் தினமும் கேட்டுச்சு.

*

“சாமி, கோழி கேறுது. ஓடிப்போய்ப் பாத்தா கூடையில முட்டை இல்ல.”

சாமி ஓடைத் தண்ணியப் பாத்துட்டே இருந்தார்.

எல்லா இடமும் தேடிட்டேன்னு முப்பிடாதி சொன்னா. வைக்கப்படப்பு, விறகு அடுக்கு, கோழி மூடுற பஞ்சாரத்துக்கு அடியில, ஒண்ணு விடல.

சாமி திரும்பிப் பாத்தார்.

“பாக்காத இடத்துல பாரு.”

கொம்பையா ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கிட்டான்.

முப்பிடாதி வீட்டுக்கு நடந்தா. நடக்க நடக்க யோசிச்சா. பாக்காத இடம் எது? கூரையப் பாத்தாச்சு. மாட்டுத் தொழுவத்தப் பாத்தாச்சு. பக்கத்து வீட்டுக் கொல்லையக்கூட எட்டிப் பாத்தாச்சு.

கோழி முட்டை இடுது. அது நிச்சயம். கேறுற சத்தம் கேட்டு அவ எழுந்து ஓடுறதுக்குள்ள யாரோ எடுக்குறாங்க. வீட்டுல இருக்கிறது யாரு? வேணி ஒருத்திதான். அவ அண்ணன் வாராவாரம் பைக்குல வாரான். வரும்போது பை நிறைய பழம் இருக்கு. போகும்போது அந்தப் பையில என்ன இருக்கு?

முன்னாடி இப்படி ஒரு நினைப்பே அவளுக்கு வந்ததில்ல. இப்ப வந்துச்சு. வந்ததும் சாமி சொன்னதோட கச்சிதமா பொருந்திச்சு.

வேணி தண்ணி எடுக்கப் போயிருந்தா. அவ பெட்டி கட்டிலுக்கு அடியில இருந்துச்சு.

அந்தப் பெட்டியத்தான் அவ பாக்கல.

மேல சேலை. அதுக்குக் கீழ கல்யாண ஆல்பம். அதுக்கும் கீழ, பழைய நூல் சேலையக் கிழிச்சுக் கையால தச்ச ஒரு குட்டிச் சட்டை. ஒரு கை தச்சிருந்துச்சு. இன்னொரு கை இன்னும் தைக்கல, ஊசியோட நூல் தொங்குச்சு.

முட்டை இல்ல.

“என்ன தேடுதீங்க அத்த?”

வேணி குடத்தோட வாசல்ல நின்னுட்டு இருந்தா.

அந்த நேரத்துல முப்பிடாதி எத வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். ஊசி தேடினேன்னு சொல்லியிருக்கலாம். சட்டை நல்லா இருக்கு வேணின்னு சொல்லியிருக்கலாம். அவளுக்கு வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கம் வெளிய வரும்போது கோவமா வந்துச்சு.

“முட்டை.”

வேணி குடத்த இறக்கி வச்சா. அப்புறம் மெதுவாக் கேட்டா. “எனக்குன்னுதான எடுத்து வைக்கீங்க. எனக்குள்ளத நானே எதுக்குக் களவாங்கணும்?”

சரியான கேள்வி. அதுக்கே முப்பிடாதிக்குச் சத்தம் ஏறிச்சு. உங்கண்ணன் பையில என்ன போகுதுன்னு எனக்குத் தெரியாதான்னு கத்தினா. முத்தத்துக்கு வந்து கத்தினா. தெருக்குழாயில குடம் வச்சவங்கல்லாம் குடம் நிறைஞ்சு வழியிறது தெரியாம நின்னாங்க.

சாயங்காலம் வேணியோட அண்ணன் வந்தான். பைக்குல வரல, ஆட்டோ கொண்டுவந்தான். பெட்டியத் தூக்கி உள்ள வச்சான். வேணி வயித்தப் பிடிச்சுட்டு மெதுவா ஏறினா.

மறுநாள் காலையில கோழி கேறிச்சு.

முப்பிடாதி ஓடினா. கூடையில முட்டை இல்ல.

*

அவ ஓடைக்கரைக்கு வந்தப்ப செருப்புகூட போடல.

“சாமி, அவ போயிட்டா. முட்டை இன்னும் காணாமத்தான் போகுது.”

“யாரு போயிட்டா?”

“என் மருமக. நீங்க சொன்னபடி பாக்காத இடத்துல பாத்தேன். அவ பெட்டியில.”

சாமி அசையல. ரொம்ப நேரம். கொம்பையா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கும்னு காத்துட்டு இருந்தான்.

அப்புறம் சாமி கேக்க ஆரம்பிச்சார். அவர் இவ்ளோ கேள்வி கேட்டு யாருமே பாத்ததில்ல. எத்தன கோழி, என்ன தீனி, எந்நேரம் இடுது, கூடை எங்க இருக்கு, வைக்கோல் ஈரமா இருக்கா, கோழி மூக்குல மஞ்சளா ஏதாவது காஞ்சு ஒட்டியிருக்கா?

இருக்குன்னா முப்பிடாதி. தவிடுன்னு நினைச்சேன்னா.

“ஓட்டப் பொடிச்சா போட்ட?”

“பொடிக்கணும்னு நீங்க சொல்லலியே சாமி.”

சாமி எந்திரிச்சார். துண்ட உதறித் தோள்ல போட்டார். வா போவோம்னார்.

கொம்பையா பின்னாடியே வந்தான். நீ கடையத் திறன்னு சாமி அவன அனுப்பிட்டார்.

*

ரெண்டு பேரும் முப்பிடாதி வீட்டு உரலுக்குப் பின்னாடி உக்காந்திருந்தாங்க.

செவலைக் கோழி கூடையில ஏறிச்சு. சுத்திச் சுத்தி வைக்கோலச் சரி பண்ணிச்சு. உக்காந்துச்சு. நேரம் போச்சு. உடம்ப லேசாத் தூக்கிச்சு. இறங்கி வந்து கொக்கொக்கொன்னு ஆரம்பிச்சுது.

கூடையில முட்டை. ஈரம்கூட காயல. மினுமினுன்னு இருந்துச்சு.

முப்பிடாதி எழுந்திரிக்கப் போனா. சாமி அவ முந்தானையப் பிடிச்சு உக்கார வச்சார்.

புள்ளிக்கோழி வந்துச்சு. அதுதான் இருக்கிறதுலயே நல்லா கொழுத்தது. தலையச் சாய்ச்சு ஒத்தக் கண்ணால முட்டையப் பாத்துச்சு. ஒரு கொத்து. ரெண்டாவது கொத்துல ஓடு உடைஞ்சுது. அவ்ளோதான், எல்லாக் கோழியும் பாய்ஞ்சு வந்துச்சு. இட்டுட்டு இறங்கின செவலையும் திரும்பி வந்து தின்னுச்சு. மஞ்சக்கரு, வெள்ளைக்கரு, ஓடு, நனைஞ்ச வைக்கோல் வரைக்கும்.

தின்னு முடிச்சு எல்லாம் மூக்க மண்ணுல தேய்ச்சுதுங்க. செவலை மறுபடியும் கேறிச்சு.

முப்பிடாதி முகத்த மூடிக்கிட்டா.

கோழிக்கு முட்டைன்னா என்னன்னே தெரியாது. அதுக்கு, வெள்ளையா உருண்டையா ஏதோ கிடக்கு, அவ்ளோதான். ஆனா அந்த வடிவத்துலயே, கரு ஒட்டின வாசத்தோடயே ஓட்டத் தின்னுப் பழகினா, கூடையில கிடக்கிறதும் தீனிதான்னு புரிஞ்சிடும். ஒரு கோழிக்குப் புரிஞ்சா போதும். மத்தது பாத்துக் கத்துக்கும்.

“எங்கம்மா கோழி வளத்தா,” சாமி சொன்னார். “ஓட்டக் கழுவி, வெயில்ல காய வச்சு, சட்டியில வறுத்து, அம்மியில நுணுக்கித்தான் போடுவா. ஓடுன்னே தெரியக் கூடாதும்பா.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“பெறகு ஏன் சாமி சொல்லல?”

சாமி தரையப் பாத்தார்.

“எடுத்ததத் திருப்பிக் குடு. கேக்க நல்லா இருந்துச்சு. பொடிச்சுக் குடுன்னு சேத்தா அந்த அழகு போயிரும்னு விட்டுட்டேன்.”

முப்பிடாதி அவர வெறிச்சுப் பாத்தா.

“பாக்காத இடத்துல பாருன்னீங்களே. அது எந்த இடம்?”

“எனக்கே தெரியாதும்மா.”

அவ திட்டுவான்னு அவர் எதிர்பாத்தார். திட்டியிருந்தா அவருக்குக் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். அவ திட்டல. கோழியப் பாத்துட்டே, உங்க வார்த்தைக்கு இடம் தேடினது நான்தானன்னு மட்டும் சொன்னா.

*

கோழியத் திருத்துறது கஷ்டமே இல்ல. அதுதான் இதுல கொடுமை.

முதல்ல முப்பிடாதி ஊர் வழக்கப்படி ஒரு முட்டையில துளை போட்டு, உள்ள மிளகாப்பொடி அடைச்சு வச்சா. கோழிக்கு உறைக்கும், பயந்திடும்னு. புள்ளிக்கோழி அதையும் ரசிச்சுத் தின்னுட்டு இன்னும் இருக்கான்னு பாத்துச்சு. கோழி நாக்குக்கு மிளகாக் காரம் தெரியவே தெரியாது. சத்தியமா.

சாமி ஓடையில இருந்து கூழாங்கல்லாத் தேடிக் கொண்டுவந்தார். முட்டை அளவு, முட்டை மாதிரியே. சுண்ணாம்பு அடிச்சு வெள்ளையாக்கிக் கூடையில வச்சாங்க. கோழி கொத்திச்சு. மூக்கு வலிச்சுது. திரும்பக் கொத்திச்சு. திரும்ப வலிச்சுது.

கூடைக்கு முன்னாடி சாக்கு தொங்கவிட்டு இருட்டாக்கினாங்க. தானியத்தக் குறைச்சாங்க, கொழுப்பு ஏறின கோழி முட்டை இடாதுன்னு சாமி விளக்கினார். கீரை, தவிடு, அளவாக் கருவாட்டுத் தூள், நாள் பூரா நல்ல தண்ணி. ஓட்ட வறுத்து நுணுக்கித் தனிச் சிரட்டையில. சாமி பேசிட்டே இருந்தார். தொண்டை கட்டிப்போச்சு. நாலஞ்சு வார்த்தையில சொல்ல முடியாத விஷயம் அவ்ளோ இருந்துச்சு.

கோழிங்க மறந்துடுச்சு. வச்ச முட்டை வச்ச இடத்துலயே கிடந்துச்சு. அத ஒவ்வொண்ணா எடுக்கும்போது முப்பிடாதிக்கு அழுகை வந்துச்சு.

ஒரு தூக்குவாளியில உமி போட்டு முட்டைய அடுக்கினா. என்கூட வாங்க சாமின்னு கூப்பிட்டா. கூப்பிடாட்டாலும் வந்திருப்பேன்னார்.

*

வேணியோட அம்மா தண்ணி குடுத்தாங்க. உக்காரச் சொல்லல. தூக்குவாளியப் பாத்துட்டு, இங்க நாங்க கடை முட்டைதான் குடுக்கோம், புள்ள நல்லாத்தான் வளருதுன்னாங்க.

முப்பிடாதி தலை குனிஞ்சு நின்னா.

வேணி வந்து கதவுல சாய்ஞ்சு நின்னா. வயிறு நல்லா இறங்கியிருந்துச்சு. முகம் தெளிஞ்சிருந்துச்சு, அத்த வீட்டுல இருந்தத விட.

சாமி சொன்னார். முழுசா சொன்னார். ஓடு, பொடிக்கச் சொல்லாதது, பாக்காத இடம், புள்ளிக்கோழி, எதையும் விடல. தப்பு என் மேலதாம்மான்னு முடிச்சார்.

முப்பிடாதி அவர ஒதுக்கிட்டு முன்னால வந்தா. தப்பு என் மேல வேணி, மன்னிச்சுக்கோ, வீட்டுக்கு வான்னா. தெருக்குழாயில நின்னு எல்லார் முன்னாடியும் சொல்லுதேன்னா. இதுவரைக்கும் அவ யார்கிட்டயும் அப்படிக் கேட்டதில்ல.

வேணி எல்லாத்தையும் கேட்டா. கோவப்படல.

“அத்த, நான் போன பெறகும் முட்டை காணாமப் போச்சு. அதனாலதான நான் எடுக்கலன்னு தெரிஞ்சுது?”

“ஆமாம்மா.”

“நான் போன அன்னைக்கே கோழி திருந்தியிருந்தா?”

சாமி வாயெடுத்தார்.

“நீங்க சொல்லாதீங்க சாமி. அவங்க சொல்லட்டும்.”

முப்பிடாதி அவளப் பாத்தா. பொய் சொல்லலாம். அந்த வீட்டு வாசல்ல, அந்த நிமிஷம், ஒரு சின்னப் பொய் போதும்னு அவளுக்கே தெரிஞ்சுது.

“சாகுற வரைக்கும் நீதான் களவாங்கினன்னு சொல்லியிருப்பேன்.”